நாம்பன் கழுத்துப் பித்தளை

அறுபதுகளில் வன்னியின் தண்ணீரூற்றில் சிறுவர்களாக இருந்த எங்களுக்குச் சனிக்கிழமை விடிவதே பழைய சாமான் யாவாரியின் சைக்கிள் மணியோடுதான். நீராவிப்பிட்டிப் பக்கமிருந்து வருகிற முஸ்லிம் மனுசர், நாங்கள் காக்கா என்போம். மணிச்சத்தத்துக்குப் பின்னால் சைக்கிள் வரும், சைக்கிளின் இருபுறமும் தொங்குகிற சாக்குகளுக்குள் ஓட்டைச் செம்பும் தண்டு முறிந்த குத்துவிளக்கும் காது போன கிடாரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வரும், அந்தக் கலகலப்பைக் கேட்டதும் அம்மா அடுப்படி மூலையில் ஒதுக்கிவைத்த நெளிந்த மூக்குப்பேணியை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போவா; நானோ அம்மாவுக்கு முன்னமே ஓடிப்போய்ப் பூவரசு நிழலில் குந்தியிருப்பேன். காக்கா சாக்கை அவிழ்த்து நிலத்தில் கவிழ்த்துவிட்டு, "தேடு தம்பி, தேடு. உருக்கிறவன்ர கைக்குப் போறதுக்கு முந்தி உனக்குத்தான் முதல் பார்வை" என்பார். உங்கள் ஊர் ஒழுங்கையிலும் இப்படி ஒருவர் வந்திருப்பார். அவருடைய சாக்குக்குள் உங்களுக்கும் ஏதோ ஒன்று அகப்பட்டிருக்கும், அது எங்கே போனதென்று இப்போது உங்களுக்கே நினைவிருக்காது.

நான் தேடியது வெள்ளைக்காரன் காலத்துப் படைகளின் பித்தளைச் சின்னங்களை. தொப்பி வில்லை, தோள்பட்டை எழுத்து, இடுப்புவார்க் கொளுவி, குமிழ்ப் பொத்தான் எல்லாம் எனக்குச் சாமான்தான். ஆனால் குதிரைப்படைக்காரனுடையது என்று ஒன்று அகப்பட்டால் அன்று சோறு இறங்காது. ஏன் குதிரை என்று கேட்டால், அது எங்கள் மண்ணில் இல்லாத விலங்கு என்பதுதான் காரணம். வன்னியில் வளர்ந்த பிள்ளை யானையைக் கண்டிருக்கும், கரடியின் கால்தடத்தைக் கண்டு பாலைப்பழக் கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கும், உயிருள்ள குதிரையை மட்டும் கண்டிராது. எங்களுக்குக் குதிரை என்றால் வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி ஏறிவருகிற மரக்குதிரை வாகனம். இல்லையென்றால் குளக்கட்டில் ஐயனாருக்கு நேர்ந்துவைத்த மண்குதிரை. நெடுந்தீவில் காட்டுக்குதிரைகள் கூட்டமாக நிற்கின்றன என்றும் பழைய குதிரை லயம் ஒன்று அங்கே இடிந்து கிடக்கிறது என்றும் வாத்தியார் சொன்னபோது, அவர் கந்தபுராணத்தில் ஒரு படலம் சொல்வதுபோல வாய் பார்த்துக்கொண்டிருந்தோம். குதிரையில் ஏறுகிறவர் கடவுளாக இருக்கவேண்டும், அல்லது துரையாக இருக்கவேண்டும். 1829 முதல் 1867இல் சாகும்வரை வடக்கை ஆண்ட டைக் துரையைப் பற்றி எங்கள் வீட்டுக் கிழவர்கள், தாங்கள் பிறப்பதற்கு முன்னமே செத்துப்போன அந்த மனுசனை நேரில் கண்டவர்கள்போல, குதிரைக் குளம்புச் சத்தத்தையும் வாயால் எழுப்பிக் கதை சொல்லுவார்கள்.

என்னுடைய முதற் சின்னம் காக்காவின் சாக்கிலிருந்து வரவில்லை. அது ஒரு நாம்பனின் கழுத்தில் இருந்தது. அம்மப்பாவின் தமையனிடம் ஒரு சோடி வண்டில் நாம்பன்கள் நின்றன. முள்ளியவளை நெல்லை மாங்குளம் ஸ்டேசனுக்கு ஏற்றுவது அவர் தொழில். வலத்து நாம்பனின் கழுத்துவாரில், சலங்கைகளுக்கு நடுவில், வளைந்த பித்தளைத் துண்டொன்று தைத்திருந்தது. அதில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகள்: சி, எம், ஆர். அரிச்சுவடி படித்து முடித்த காலத்தில் நான் முதன்முதலில் சேர்த்து வாசித்த ஆங்கிலம் அந்த மாட்டின் கழுத்தில் இருந்ததுதான் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

கேட்டேன். பெரியவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "இளந்தாரியா டிக்கோயாவிலை ஒரு தோட்டத்துரையின்ர குதிரையைப் பராமரிச்சனான். துரை பட்டாளப் பயிற்சிக்குப் போகேக்கை தோள்மூட்டிலை குத்திக்கொண்டு போற சாமான் இது. சீமைக்குப் போகேக்கை தந்திட்டுப் போனவர். எனக்கேன் தோள்மூட்டிலை, மாட்டுக்குக் கட்டினன்." எனக்குத் தாருங்கோ என்று கேட்டபோது, மாடு வைத்திருக்கும்வரை அது மாட்டின் சொத்து என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த நாம்பன் சாகவேண்டும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அது வைக்கோல் தின்னும்போது பக்கத்தில் நின்று வாரைத் தடவிக்கொண்டிருப்பேன். கடைசியில் எனக்கு அதை வாங்கித் தந்தது உழவு மிசின். ஊருக்குள் மிசின் வந்தது, பெட்டி பூட்டி நெல் ஏற்றியது, வண்டில் கொட்டிலுக்குள் கழுத்தை நிலத்தில் ஊன்றி நின்றுவிட்டது, நாம்பன்கள் ஒட்டுசுட்டான் பக்கத்துக்கு விலைபோயின. வாரைக் கழற்றி என் கையில் தந்தபோது பெரியவர் மாடு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னேற்றம் எனக்குத் தந்த முதல் பரிசு அது. அதன்பிறகு எங்கள் ஒழுங்கையில் விடியற்காலைச் சலங்கைச் சத்தம் இல்லை.

அந்த மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு படையின் முழுக்கதை இருக்கிறதென்று அறிய எனக்கு வருடங்கள் பிடித்தன. 1892இல் இலங்கையின் வெள்ளைக்காரத் தோட்டத்துரைகளை வைத்துக் குதிரைக் காலாட்படை என்றொரு தொண்டர்படை தொடங்கினார்கள். குதிரையில் போய் இறங்கி நின்று துவக்கால் சுடுகிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். 1900இல் அதிலிருந்து ஒரு பிரிவு தென்னாபிரிக்காவுக்குப் போய்ப் போயர்களோடு போரிட்டது. 1902இலும் ஒரு பிரிவு போனது. இங்கிருந்து துரைமார் அங்கே சண்டைக்குக் கப்பலேற, அங்கே பிடிபட்ட போயர்கள் ஏறக்குறைய 5,000 பேர் இங்கே தியத்தலாவை முகாமுக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். 1906இல் படையின் பெயர் இலங்கைக் குதிரைத் துவக்குப்படை என்று மாறியது. அப்போதுதான் ஆங்கிலத்தில் இந்த சி. எம். ஆர். வந்தது. 1938இல் படையைக் கலைத்துவிட்டார்கள். இலங்கையின் அந்தக் குதிரைப்படைக்கு மொத்த ஆயுள் அவ்வளவுதான், எங்கள் பெரியவரின் ஆயுளிலும் குறைவு.

இதை நான் படித்தது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில். மாமா வீட்டில் நின்று படித்த நாட்களில், பின்னேரம் அந்த மண்டபத்துக்குள் நுழைந்தால் காற்றாடியின் கீழ் ஒரு மூலை எனக்கென்றே இருக்கும். வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய கையேட்டை முதன்முதலில் அங்கேதான் தொட்டேன். என் ஊர்க் குளங்களின் பெயர்களை ஒரு வெள்ளைக்காரன் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருப்பதைக் கண்டு நெஞ்சு அடித்துக்கொண்டதை இப்போதும் உணர்கிறேன். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் அந்த நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. நான் கறுப்புப் பென்சிலால் குறித்துவந்த பக்க எண்கள் என் கொப்பியில் மிஞ்சின, பக்கங்கள் மிஞ்சவில்லை.

வெள்ளைக்காரன் படைச் சின்னத்தில் உனக்கென்ன காதல் என்று அப்பா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததை நாங்கள் நாடகமாகவே நடித்திருக்கிறோம். அந்த ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ட்ரீபேர்க் என்ற தளபதி அவனைத் தோற்கடித்த இடத்தில் ஆங்கிலேயர் தங்கள் வெற்றியைப் பொறித்து நட்ட கல்லையும் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் அந்தக் கல் உடைக்கப்பட்டது. உடைத்தவர்களின் கோபமோ எதுவோ, எனக்கு அந்தச் செய்தி துக்கமாகத்தான் இருந்தது. பகைவன் தன் கையால் எழுதிவைத்த சாட்சி அது: இவனை வெல்ல நாங்கள் படை திரட்டிக் காட்டுக்குள் வரவேண்டியிருந்தது என்று அவனே ஒப்புக்கொண்ட எழுத்து. படைச் சின்னங்களையும் நான் அப்படித்தான் சேர்த்தேன். ஆண்டவன் போய்விட்டான், அவன் தோளில் மினுங்கியது என் பிஸ்கற் பேணிக்குள் கிடக்கிறது; அதை எடுத்துப் பார்க்கிற உரிமை தண்ணீரூற்றுப் பொடியனுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவர் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. கச்சேரிக்குப் போன இடத்தில் ஒரு பொலிஸ்காரரிடமிருந்து எனக்கென்று பழைய பொத்தான் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

மினுக்குகிற சுகத்தைச் சொல்லவேண்டும். ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயில் பக்கம் கோடையிலும் வற்றாத ஊற்றுத்தண்ணீர். வாழைத் தோட்டத்துக்கு ஓடுகிற வாய்க்கால் ஓரம் நாலைந்து பொடியன்கள் குந்திக்கொண்டு, பழப்புளியைப் பிசைந்து, அடுப்புச் சாம்பலைத் தொட்டு, தேங்காய்த் தும்பால் தேய்ப்போம். முதலில் கறுப்பு இளகி ஓடும், பிறகு பச்சைக் களிம்பு போகும், அதன்பிறகு எழுத்தின் விளிம்பில் மஞ்சள் ஒரு கோடாகத் தெரியும், அந்தக் கோடு தெரிகிற கணத்தில் நாலு தலைகளும் ஒன்றாகக் குனியும். குதிரைத் தலையா, சிங்கமா, முடியா? பெரும்பாலும் அது பொலிஸ்காரன் பொத்தானாக இருக்கும். ஆனாலும் அந்தக் குனிதல் இருக்கிறதே, அதைவிட நல்ல விளையாட்டை எனக்குப் பிறகு யாரும் காட்டவில்லை. இளைப்பாறிய பொலிஸ்காரர் ஒருவரிடம் பிராசோத் தகரமும், நடுவில் நீளப் பிளவு விட்ட ஒரு பித்தளைத் தகடும் இருந்தன; சட்டையைக் கழற்றாமல் பொத்தான்களை அந்தப் பிளவுக்குள் தள்ளி, துணியில் மருந்து படாமல் மினுக்குவதற்கான தகடு. அதை அவர் கையாண்ட லாவகத்தைப் பார்ப்பதற்கே போவோம். இரண்டாம் உலகப்போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது ஆங்கிலேயர் பிளாஸ்டிக்கில் தொப்பிச் சின்னம் செய்தார்கள். ஐம்பதுகளில் மங்காத பூச்சிட்ட அலுமினியம் வந்தது, மினுக்கும் வேலையே ஒழிந்தது. ஒவ்வொரு விடியலிலும் மினுக்கிச் சலித்த சிப்பாய்களுக்கு அது விடுதலை. அந்தத் தகட்டுக்கு வேலை போயிற்று.

இந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் மினுக்கவே கூடாது என்கிறார்கள். களிம்பே வயதின் சாட்சியாம், அதை உரித்தால் விலை விழுமாம். விலைக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தச் சின்னத்தை அணிந்தவன் ஒவ்வொரு நாளும் அதைத் தேய்த்துத் தேய்த்துத்தானே பரேட்டுக்குப் போனான்! சிங்கத்தின் மூக்கு மழுங்கி, எழுத்தின் முதுகு வழவழப்பாகி, பெருவிரல் போய்வந்த வழி தெரிகிற சின்னம்தான் எனக்கு உயிருள்ள சின்னம். போலி செய்கிறவன் அமிலத்தில் போட்டு ஒரே சீராகப் பழசாக்குவான். பெருவிரல் சீராகத் தேய்ப்பதில்லை, உயர்ந்த இடத்தை அதிகமாகவும் பள்ளத்தைத் தொடாமலும் தேய்க்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கண்ணாடி தேவையில்லை, விரல் போதும்.

எழுபதுகளில் அரசாங்க வேலை கிடைத்துக் கொழும்புக்கும் பிறகு கண்டிக்கும் போனேன். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகிக்கொண்டிருந்த காலம் அது. எஞ்சியிருந்த தோட்டத்துரைமார் பங்களாக்களைக் காலிபண்ணிக் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுகள் ஏலக்கடைகளில் வந்து குவிந்தன. மீன்பிடித் தூண்டில், நரைத்த சேணம், டென்னிஸ் மட்டை, இவற்றின் அடியில் சுருட்டுப் பெட்டியொன்றில் சின்னங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடைகளுக்குள் நுழைந்தால் வெளிச்சம் மங்கும்வரை வரமாட்டேன். அங்கேதான் முடியைப் பார்த்துக் காலம் சொல்லப் பழகினேன். விக்ரோறியாவின் முடி நடுவில் பள்ளமாக இறங்கும். 1901க்குப் பிறகு அரசர்கள் காலத்து முடி குமிழாக உயர்ந்து நிற்கும். 1952க்குப் பின் எலிசபெத்தின் முடியில் பள்ளம் திரும்பவும் வந்தது. 1972 மே 22இல் இலங்கை குடியரசானதும் முடியே இல்லாமற் போயிற்று. பொத்தானைத் திருப்பினால் பின்புறம் பேமிங்காம் கோண்ட் என்றோ லண்டன் ஃபேர்மின் என்றோ செய்தவர் பெயர் வட்டமாக ஓடும். அச்சில் வைத்து அடித்த சின்னத்தின் பின்பக்கம் முன்பக்கத்தின் பள்ளங்களையே திருப்பிக் காட்டும். வார்த்தெடுத்த போலியின் பின்பக்கம் புள்ளி விழுந்து சொரசொரத்துக் கிடக்கும். கடைக்காரர் முன்பக்கத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது நான் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் எனக்கு இங்கிலாந்தில் ஒரு நண்பர் இருந்தார், முகம் கண்டதில்லை. படையிலிருந்து இளைப்பாறியவர். சின்னத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சரித்து உரசினால், உருவம் தாளில் எழும்பும். அந்த உரசல் படிவத்தை நீல நிற ஏரோகிராமோடு சேர்த்து அனுப்புவேன். வாரங்கள் கழித்துப் பதில் வரும். அவருடைய உரசல் படிவம் ஒன்று, கோணல் எழுத்தில் நாலு பக்கம், தன் வீட்டு ரோசாச் செடிக்கு வந்த வருத்தமும் அதிலே இருக்கும். என் சி. எம். ஆரைக் கண்டு அவர் எழுதியதை மறக்கமாட்டேன்: தென்னாபிரிக்காவில் கேப் குதிரைத் துவக்குப்படைக்கும் இதே எழுத்து, கனடாவின் குதிரைத் துவக்குப்படைக்கும் இதே எழுத்து, உமது துண்டு எந்த நாட்டுக் குதிரையில் ஏறியது என்று உமக்குத்தான் தெரியும் என்று எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்திருந்தது. டிக்கோயா, துரை, குதிரை, வலத்து நாம்பன். அந்த நாலு சொல் இல்லையென்றால் அது மூன்று கண்டங்களில் எங்கேயும் கிடந்திருக்கக்கூடிய ஒரு பித்தளைத் துண்டு.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பேணியையும் தூக்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன். சனிக்கிழமை மணி இன்னும் கேட்டது; காக்காவுக்குத் தாடி நரைத்திருந்தது, சாக்கைக் கவிழ்த்துவிட்டு "தேடு தம்பி" என்று நரை விழுந்த என்னையும் தம்பி என்றே சொன்னார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தண்ணீரூற்றும் நீராவிப்பிட்டியும் அதற்குத் தப்பவில்லை. எங்களோடு ஒரே ஊற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் கையில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் கொண்டு புத்தளம் பக்கம் போனார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊர் செய்யவேண்டியிருந்த ஒன்றைச் செய்யாமல் நின்ற நாள் அது என்று நான் இப்போதும் நம்புகிறேன், எங்கும் சொல்லுவேன். அடுத்த சனிக்கிழமை ஒழுங்கையில் மணி கேட்கவில்லை.

அதன்பிறகு வன்னிக்குள் வேறு பித்தளை வந்தது. சிறுவர்கள் சாக்கில் பொறுக்கியது வெற்றுத் தோட்டாக் கோதுகள். பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை; சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த விளக்கின் வட்டத்துக்குள் சில இரவுகளில் பேணியைத் திறப்பேன். வெளியே ஷெல் சத்தம், உள்ளே விக்ரோறியாவின் முடி. படைச் சின்னம் வைத்திருப்பது எந்தப் பக்கத்துக்கும் விளக்கம் சொல்லவேண்டிய காரியமாகிவிட்டிருந்தது. சமாதான காலத்தில், 2002க்குப் பிறகு, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டிய இளம் சிப்பாய் ஒருவன் பொத்தானொன்றை எடுத்து, "இது எந்த ஆமி?" என்று தெரிந்த தமிழில் கேட்டான். குதிரை ஆமி, இப்போது இல்லை என்றேன். அவன் கையால் குதிரை ஓட்டுவதுபோலக் காட்டிச் சிரித்தான், பொத்தானைச் சட்டையில் தேய்த்து மினுக்கித் திருப்பித் தந்தான். சிப்பாயின் கைக்கு மினுக்காமல் தரத் தெரியவில்லை.

2008 கடைசியில் ஊரே எழும்பி ஓடியபோது பேணியைப் பொலித்தீனில் சுற்றி, வளவில் கிணற்றுக்கும் பலாவுக்கும் நடுவில் தாட்டேன். அப்போது எல்லோரும் எதையாவது தாட்டார்கள். நகை, காணி உறுதி, தையல் மிசின் தலை. முகாம் வாழ்க்கை கழிந்து திரும்பியபோது எங்கள் வளவுக்குள் சிவப்பு முனைக் கட்டைகள், மண்டையோட்டுப் பலகை, "மிதிவெடி" என்ற எழுத்து. சொந்த வளவை வேலிக்கு வெளியே நின்று பார்க்கவேண்டியிருந்தது. உள்ளே முகக்கவசம் போட்ட பெண்பிள்ளைகள் முழங்காலில் இருந்து, உலோகம் கத்துகிற ஒவ்வொரு இடத்தையும் சிறு வாரியால் விரற்கடை விரற்கடையாக வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் எங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். ஒரு நாள் அவர்களில் ஒருத்தி வேலியடிக்கு வந்து, "ஐயா, உங்கட வளவுக்கை ஒரு பேணி. மெசின் கத்தின கத்துக்குப் பெரிய வெடியெண்டு நினைச்சம். உள்ளுக்கை ஆமிக்காரற்ற பட்டனுகள். இது எந்தச் சண்டையிலை வந்தது?" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வேலிக்கு வெளியே இருந்து, அவள் தேநீர் நேரத்தில், டிக்கோயாவிலிருந்து தொடங்கிக் கதை சொன்னேன். அவள் சி. எம். ஆரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "மாட்டின்ர கழுத்திலையோ!" என்று அவள் சிரித்த சிரிப்பு, அந்த வருடம் எங்கள் வளவில் நான் கேட்ட முதற் சிரிப்பு.

எண்ணிப் பாருங்கள். பொடியனாக இருந்தபோது ஒரு உலோகத் துண்டைக் கண்டால் குனிந்து எடுத்தோம். உலகத்தில் சேகரிப்பாளர்கள் பணம் கொடுத்து வாங்கி ஆசையாய்த் தூக்கித் திரிகிற உலோகம் காட்டும் கருவிகள் பிற்பாடு எங்கள் மண்ணுக்கும் வந்தன. அவை கத்தினால் எங்கள் பிள்ளைகள் பின்வாங்கி நிற்கப் பழகியிருந்தார்கள். எதையும் தொடாதே, காலால் தட்டாதே என்று பள்ளிக்கூடச் சுவரில் படம் போட்டுப் படிப்பித்தோம், படிப்பிக்கத்தான் வேண்டும். மண்ணைக் கிளறுகிற சுகம் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. போரின் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை, மற்ற இழப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூச்சமாகவும் இருக்கிறது. ஆனாலும் இது இழப்புத்தான்.

இப்போது எல்லாம் கைபேசியில். கனடாவில் இருக்கும் மருமகன் போன ஆடிக்கு வந்து நின்றபோது சி. எம். ஆரைப் படம் பிடித்தான். மூச்சு விடுவதற்குள் கைபேசி பதில் சொன்னது, கனடாக் குதிரைத் துவக்குப்படை என்று. அவனுக்கு ஒரே சந்தோசம். "மாமா, இது எங்கட நாட்டுச் சாமான்!" என்றான். தன் நாடு என்று அவன் அவ்வளவு இயல்பாகச் சொன்னதைக் கேட்க எனக்கும் ஒரு பக்கம் நிறைவாகத்தான் இருந்தது. பிறகு அவனைக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டுபோய், கறையான் தின்று மிஞ்சியிருக்கும் வண்டில் அச்சைக் காட்டி, பெரியவரின் கதையைச் சொன்னேன். கனடாக்காரர்கள் மேப்பிள் இலையை லேசில் விடமாட்டார்கள், இதில் இலை எங்கே என்று காட்டினேன். ஏரோகிராமுக்குக் காத்திருந்த வாரங்கள் போய்விட்டன, விடை கணத்தில் வருகிறது. வந்த விடையைச் சோதிக்கிற கதை மட்டும் இன்னும் கொட்டிலுக்குள்தான் இருக்கிறது. அவன் அன்றிரவு முழுக் கதையையும் கைபேசியில் பேசவைத்துப் பதிந்துகொண்டான். பென்சில் உரசல் படிவத்தை நான் எவ்வளவு நேசித்தாலும், இப்படி ஒரு வசதி அந்தக் காலத்தில் இருந்திருந்தால் பெரியவரின் குரலும் அந்தக் குளம்புச் சத்தமும் என்னிடம் இருந்திருக்குமே என்று நினைத்து அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

காக்கா புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார். போருக்குப் பிறகு திரும்பி வந்த அவருடைய மகன் பழைய சாமான்களை எடைக்கு வாங்குகிறார். இறாத்தல் போய்க் கிலோ, தராசு போய் எண் காட்டும் பெட்டி, சைக்கிள் போய் லான்ட்மாஸ்டர். நான் போகும்போதெல்லாம் ஒரு பழைய சாக்கைத் தனியாக எடுத்துவைத்திருப்பார். "வாப்பா சொல்லிப்போட்டுத்தான் போனவர், உங்களுக்குத்தான் முதல் பார்வை" என்பார். சாக்குக்குள் இப்போது அகப்படுவது பெரும்பாலும் குழாய்த் திருகும் மின்விசிறிச் சுருளும். எப்போதாவது ஒரு பொத்தான் வரும். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, பேணியோடு வாங்கியது என்பார். அங்கேதான் எனக்கு மனம் உடைகிறது. பித்தளை தப்பி வந்துவிட்டது, கதை படலையடியிலேயே விழுந்துவிட்டது.

ஆகையால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பழைய பித்தளை ஏதும் கிடந்தால், அது சின்னமோ, பொத்தானோ, மாட்டுச் சலங்கையோ, வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே அவர் பக்கத்தில் போய் இருங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கையால் வந்தது என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். முடிந்தால் அவர் குரலையும் பதிந்துவையுங்கள். தாளைச் சாமானோடு சேர்த்துக் கட்டுங்கள். எடைக்குப் போடத்தான் வேண்டுமென்றால் போடுங்கள், அந்தத் தாளையும் சேர்த்தே கொடுங்கள்.